மடித்த தாளும் காப்புரிமையும்

அறிவினாற் பிறந்த பொருளுக்கும் உடைமை உண்டு என்னும் கொள்கை இன்று உலகெங்கும் வேரூன்றி நிற்கின்றது. நிலத்திற்கு எல்லைக்கல் நடுதல் போல எண்ணத்திற்கும் எல்லைக்கல் நடுகின்றனர். அங்ஙனம் நடுதல் சில இடங்களில் நீதியாகும். சில இடங்களில் பொதுவழியை அடைத்தலாகும். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் கற்றோர் கடன். அக்கடன்பற்றிச் சிறு வினா ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். மடித்தாற் பயிற்சிப் புத்தகமாகவும், விரித்தால் மேசைமீது நிற்கும் காட்சிப் பலகையாகவும் அமையும் தாட்கருவி ஒன்றற்கு அரசு காப்புரிமை வழங்குதல் தகுமா, தகாதா என்பதே அவ்வினா.

முதற்கண் அப்பொருள் இன்னதெனத் தெளிதல் வேண்டும். நீண்ட கெட்டித்தாள் ஒன்றை விசிறி மடிப்பாக ஆறு அல்லது எட்டுப் பக்கங்களாக மடிக்கின்றனர். பக்கந்தோறும் வினாக்களும், எழுதுதற்கு இடமும், படம் ஒட்டுதற்குக் கட்டமும் அச்சிடுகின்றனர். மாணவன் ஒவ்வொரு பக்கமாக நிரப்பி முடித்தபின், தாளை விரித்து இரு ஓரங்களையும் முன்னோக்கி வளைத்து நிறுத்தினால், அஃது ஒரு சிறு கண்காட்சியாகி நிற்கும். எழுதியவனுக்கு அது பயிற்சி. காண்பவர்க்கு அது பாடம். இதனைச் செய்த ஒருவர், "இம்மடிப்பமைப்பு என் கண்டுபிடிப்பு, இருபது ஆண்டுகள் பிறர் எவரும் இதனைச் செய்யவோ விற்கவோ கூடாது" என்று உரிமை கோருவதாகக் கொள்வோம். அவர்க்கு நாம் என்ன விடை கூறுவது?

இவ்வினா வழக்கறிஞர்க்கே உரியது என்று எண்ணி ஒதுக்குதல் ஆகாது. நிலக்கோட்டை வட்டத்திலுள்ள எமதூராகிய சேவுகம்பட்டி போன்ற சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகளிற் சுவரையும் சன்னலையும் அணிசெய்வன ஆசிரியர்கள் தம் கையால் வெட்டியும் ஒட்டியும் மடித்தும் செய்த சார்ட்டுத் தாள்களே. வத்தலக்குண்டுக் கடைத்தெருவில் வாங்கிய வண்ணத் தாளும், கத்தரிக்கோலும், பசையும் இருந்தாற் போதும். ஒரு பாடம் உருப்பெற்றுவிடும். அத்தகைய மடிப்பு ஒருவர்க்கே உடைமையாகுமாயின், அதன் விளைவு நீதிமன்றத்தோடு நில்லாது, இத்தாள்களை அச்சிட்டு விற்கும் சிறு அச்சகத்தாரையும், புத்தகம் கட்டுவோரையும், இறுதியாக அவற்றை விலைகொடுத்து வாங்கும் ஏழைப் பெற்றோரையும் சென்று தாக்கும்.

காப்புரிமை என்பது அரசு ஒருவர்க்கு இடும் பரிசன்று. அஃது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தம் மறையை மறைக்காது உலகறிய எழுதித்தர வேண்டும். அதற்குக் கைம்மாறாகச் சில ஆண்டுகள் தனியுரிமை பெறுவர். காலம் முடிந்தபின் அவ்வறிவு பொதுவுடைமையாகும். இம்முறை இந்நாட்டிற்குப் புதிதன்று. 1856ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாள் கல்கத்தாவிலிருந்த டி பென்னிங் என்னும் பொறியாளர் பங்கா இழுக்கும் பொறி ஒன்றற்கு விண்ணப்பித்தார். விடுதலைக்குப்பின் அயலார் நலத்திற்கென அமைந்த பழஞ்சட்டத்தை ஆராய்ந்து, நம் நாட்டு நலத்திற்கேற்ற நெறியை வகுத்தவர் தமிழ்நாட்டு நீதிபதி இராசகோபால ஐயங்கார் ஆவர். 1959இல் அவர் அளித்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திற்கு அடிப்படையாயிற்று. அச்சட்டம் 1972 முதல் நடைமுறைக்கு வந்தது; பின்னர் 2005 முடியப் பலமுறை திருத்தப்பெற்றது. இப்பொழுது உரிமைக்காலம் விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகள்.

அச்சட்டம் மூன்று தகுதிகளை வேண்டுகின்றது. பொருள் புதியதாக இருத்தல் ஒன்று. அத்துறையிற் பழகியவர்க்கு எளிதிற் புலனாகாத அறிவின் ஏற்றம் அதன்கண் இருத்தல் மற்றொன்று. தொழிற்பயன் உடைமை மூன்றாவது. மூன்றாவது தகுதி நம் தாட்கருவிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஏனைய இரண்டும் உண்டா என்பதே ஆராயத்தக்கது.

புதுமையை முதலில் நோக்குவோம். விசிறிபோல் மடித்து விரிக்கும் ஏடு நேற்று முளைத்ததன்று. பர்மியர் 'பரபைக்' என்னும் மடிப்பேடுகளிற் பல நூற்றாண்டுகளாக எழுதியும் வரைந்தும் வந்தனர். கன்னட நாட்டு வணிகரும் ஊர்க்கணக்கரும் 'கடத' என்னும் மடிப்பேட்டைக் கையாண்டனர். துணியின்மீது புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசி, உலர்த்தி, அடுக்கடுக்காய் மடித்து, மாக்கல்லால் எழுதுவர். வேண்டியபோது அழித்து மீண்டும் எழுதுவர். எழுதுதற்கும் அழித்தற்கும் விரித்துக் காட்டற்கும் உதவிய அவ்வேட்டைப் பயிற்சிப் புத்தகத்தின் மூதாதை எனலாம்.

தாளை மடித்துக் கற்பித்தலும் பழையதே. குழந்தைப் பள்ளியின் தந்தையாகிய செருமானிய நாட்டு ஃபிரோபெல் என்பார், கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலேயே தாள் மடிப்பைக் கல்விக்கருவியாக்கினார். அவர் வழியைக் கண்டு, அதனை அவரும் எண்ணாத உயரத்திற்குக் கொண்டுசென்றவர் நம் சென்னை மாகாணத்தவரே. சுந்தரராவ் என்னும் பெரியார், தாள் மடிப்பினாற் கேத்திர கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1893இற் சென்னை அடிசன் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். அளவுகோலும் கவராயமும் இன்றி, ஒரு சதுரத் தாளை மடித்து மடித்தே முக்கோணமும், பல்கோணமும், வளைகோடுகளின் புள்ளிகளும் காணும் வழியை அந்நூல் விளக்குகின்றது. செருமானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் நூலிற் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்காவிலும் அது பதிப்பிக்கப்பெற்றது. மடித்த தாள் ஆசிரியனாகலாம் என்பதனை இவ்வளவு முன்னரே உலகிற்கு உணர்த்திய நாட்டில் இருந்துகொண்டு, மடித்த தாளின் வழியே பாடம் கற்பித்தலைப் புதுமையென்று எங்ஙனம் ஒப்புவது?

அண்மைக் காலத்தையும் மறத்தலாகாது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், சில ஆண்டுகளுக்குள் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், அட்டைகளும் ஏணிப்படிப் படங்களும் வகுப்பறையை நிறைத்தன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்பினர்க்குப் பயிற்சி நூல்கள் வழங்கப்பெற்றன. மடிப்பேடு, பயிற்சி நூல், காட்சி அட்டை ஆகிய மூன்றும் தனித்தனியே நாடறிந்த பொருள்கள். அவற்றை ஒன்றாய்ச் சேர்த்தல் மட்டுமே புதிது.

"சேர்த்தலே புதுமையாகாதோ?" எனின், அதுவே இரண்டாவது தகுதியைப் பற்றிய வினா. இதற்கு இந்திய உச்சநீதிமன்றம் 1978இல் ஒரு வழக்கில் தெளிவான நெறி காட்டியுள்ளது. உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரிற் பாத்திரத் தொழில் செய்த இரு சாராரிடையே நிகழ்ந்தது அவ்வழக்கு. பாத்திரங்களைக் கடைசற் பொறியிற் பிடித்து மெருகேற்றும்போது அவை நழுவித் தெறித்து வேலையாளைக் காயப்படுத்துதல் உண்டு. அவற்றை இறுகப் பிடிக்க ஓர் அமைப்பைச் செய்து ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார். அது பயனுடையது, வேலையும் விரைந்தது, இடரும் குறைந்தது. எனினும் கடைசற் பொறியின் பழைய உறுப்புகளையே அவற்றின் பழைய தொழிலுக்கு ஒத்த முறையிற் பொருத்தியதன்றி அதன்கண் வேறொன்றும் இல்லையெனக் கண்ட நீதிமன்றம் அவ்வுரிமை செல்லாது என்று தீர்த்தது. பட்டறையில் நிகழும் சிறு திருத்தம் வேறு, கண்டுபிடிப்பு வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். உயிர்க்காப்பளித்த ஒரு திருத்தத்திற்கே இந்நிலையெனின், புத்தகத்தைப் பலகையாக நிறுத்தும் திருத்தத்திற்கு என் சொல்வது?

சட்டத்தின் மூன்றாம் பிரிவும் இதனையே வலியுறுத்தும். முன்னரே அறிந்த கருவிகள் தத்தம் பழைய தொழிலைத் தனித்தனியே செய்துகொண்டிருக்க, அவற்றை அடுக்கியும் மாற்றியும் வைத்தல் மட்டும் கண்டுபிடிப்பாகாது என்கிறது ஒரு விதி. செய்தியை எடுத்துக்காட்டும் முறை கண்டுபிடிப்பாகாது என்கிறது மற்றொரு விதி. இலக்கியமும் கலைப்படைப்பும் காப்புரிமையின் பாற்படா என்கிறது வேறொரு விதி. நம் தாட்கருவியில் எழுதும் பக்கம் எழுதப்படுகின்றது, மடிப்பு மடிகின்றது, படம் காணப்படுகின்றது. ஒன்று மற்றொன்றன் தொழிலை மாற்றவில்லை. அதன் உயிர்நாடி செய்தியைக் காட்டும் முறையே. ஆகவே மூன்று விதிகளும் அதன்மீது ஒருங்கே பாய்கின்றன.

தமிழ் பயிலும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என நம் இலக்கண ஆசிரியர்கள் வகுத்தனர். முன்னோர் நூலின் முடிவோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறுவது வழிநூல் என்பார் நன்னூலார். தொகுத்தலும், விரித்தலும், தொகைவிரியும், மொழிபெயர்த்தலும் வழிநூலின் வகைகள் என்பது தொல்காப்பியர் மரபு. வழிநூல் செய்தவனை நம் முன்னோர் இகழவில்லை. அவனுக்குரிய பெயரும் சிறப்பும் அவனுக்குக் கிடைத்தன. ஆயினும் அதனை முதனூல் என்று எவரும் அழைத்திலர். அவன் எழுதியபின் அப்பொருளைப் பிறர் எழுதலாகாது என்று எவரும் தடுத்திலர். மடிப்புப் பயிற்சிப் புத்தகம் தொகுத்து அமைத்த ஒரு நல்ல வழிநூல். அதனை முதனூல் வரிசையில் வைக்க விரும்புதல் முறையன்று.

இதனால் மடித்த தாள் எதற்குமே காப்புரிமை கூடாது என்பது என் கருத்தன்று. மடிப்பே ஒரு தொழிலைச் செய்யுமாயின் நிலை வேறு. 1871இல் அமெரிக்காவில் மார்கரட் நைட் என்னும் பெண்மணி, அடிப்பாகம் தட்டையான தாட்பைகளை மடித்துச் செய்யும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பொறியைக் கண்டுசென்ற ஓர் ஆடவர் தாமே அதனைப் படைத்ததாகக் கூறி முந்திக்கொள்ள முயன்றார். அம்மையார் வழக்காடித் தம் உரிமையை மீட்டார். தாட்பை மடிக்கத் தெரிந்த கைகள் அதற்குமுன் பல இருந்தன. பொறியைக் கொண்டு மடிக்கும் வழியைக் கண்டதே அவர் அறிவின் ஏற்றம். சப்பானிய அறிஞர் கோர்யோ மியூரா வகுத்த மடிப்பும் அத்தகையதே. அகன்ற பரப்பு முழுவதும் ஒரே இழுப்பில் விரிந்து, ஒரே தள்ளலிற் சுருங்கும். 1995இல் விண்வெளிக்குச் சென்ற சப்பானியக் கலம் ஒன்றில் ஞாயிற்றொளித் தகடு அம்முறையில் விரிக்கப்பெற்றது.

நம் நாட்டிற் பிறந்த மனு பிரகாசு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் ஆக்கி 2014இல் விளக்கிய 'போல்டுஸ்கோப்' என்னும் தாள் நுண்ணோக்கியையும் எடுத்துக்கொள்க. அதன் உறுப்புகளின் விலை ஒரு டாலருக்கும் குறைவு. ஒரு தட்டைத் தாளிலிருந்து பிரித்து மடித்தவுடன், மடிப்புகளே வில்லையையும் காணும் பொருளையும் நேர்ப்பட நிறுத்துகின்றன. தாளை விரலால் நகர்த்தினால் உருவம் தெளிகின்றது. இங்கே மடிப்பை நீக்கினாற் கருவியே இல்லை. நம் பயிற்சிப் புத்தகத்தில் மடிப்பை நீக்கி நான்கு அட்டைகளைச் சுவரில் ஒட்டினாலும் பாடம் குறைவின்றி நடக்கும். காப்புரிமை கேட்டு வருவாரிடம் நாம் கேட்கவேண்டிய உரைகல் இதுவே: உம் மடிப்பு என்ன தொழில் செய்கின்றது?

இனி எதிர்வாதங்கட்கு வருவோம். "இரவெல்லாம் விழித்துச் செய்தவன் உழைப்பிற்குப் பயன் வேண்டாவோ? பெருநிறுவனம் ஒன்று அதனைக் கண்டு ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்றால் அவன் கதி யாது?" என்பர். இவ்வாதம் நெஞ்சைத் தொடுவது, புறக்கணித்தற்குரியதன்று. ஆயின் உழைப்பைக் காக்கும் வேலி காப்புரிமை ஒன்றே அன்று. அவன் எழுதிய வினாக்கள், வரைந்த படங்கள், பக்கத்தை நிரப்பிய முறை ஆகியவற்றிற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காவலாக நிற்கின்றது. அவன் வாழ்நாளும், அதன்மேல் 60 ஆண்டுகளும் அக்காவல் நீடிக்கும். தன் வெளியீட்டிற்கு ஒரு பெயரும் குறியும் இட்டு அவற்றை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்ளவும் இயலும். இவ்வேலிகளுக்குள் அவன் படைப்பைத் திருடுவோன் அகப்படுவான். தாளை மடிக்கும் அயலான் அகப்படான். வேலி இருக்கவேண்டிய இடம் அதுவே.

மற்றொரு சாரார், "காப்புரிமை அளித்தாலும் ஆசிரியர்க்கு இடரில்லை, ஆராய்ச்சிக்கும் மாணாக்கர்க்குக் கற்பித்தற்கும் பயன்படுத்தலாம் எனச் சட்டத்தின் 47ஆம் பிரிவே விலக்களிக்கின்றதே" என்பர். உண்மை; அவ்விலக்கு உண்டு. ஆயினும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அவ்விலக்கு நிழலாகுமேயன்றி, அவர்க்கென அத்தாளை அச்சிட்டு விற்கும் அச்சகத்தார்க்கு ஆகாது. நூறு பிள்ளைகட்கு வேண்டிய தாளை ஓர் ஆசிரியர் ஒருவராகவே மடித்து முடிப்பாரா? மேலும், வழக்கறிஞரைக் கேட்டறிந்து தாளை மடிக்கும் நிலை கிராமத்து ஆசிரியர்க்கு வருமாயின், அவர் மடிப்பதையே விட்டுவிடுவார். அச்சத்தினால் ஒழியும் நற்செயல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. திண்டுக்கற் பூட்டுக்கு 2019இற் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அப்பூட்டைச் செய்யும் அவ்வூர்த் தொழிலாளர் அனைவர்க்கும் பொதுவாக அமைந்த சிறப்பு அது, தனியொருவர்க்கு உரியதன்று. பூட்டு என்னும் பொருளைப் பிறர் செய்தலை அது தடுப்பதில்லை. திண்டுக்கல் என்னும் பெயரைப் பொய்யாக இடுதலையே தடுக்கின்றது. நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகையைச் சரமாகத் தொடுக்கும் பெண்கள், ஒருவர் கைமுடிச்சை மற்றவர் கண்டே கற்றனர். பூவுக்கு விலையுண்டு, கைவினைக்குக் கூலியுண்டு. முடிச்சுக்கு உடையவர் இல்லை. தாள் மடிப்பும் இத்தகைய பொதுக்கல்வியே.

ஆகலின் என் முடிபு இது: மடிப்புப் பயிற்சிப் புத்தகம் பாராட்டிற்குரியது, பதிப்புரிமைக்குரியது, பள்ளிதோறும் பரவுதற்குரியது. காப்புரிமைக்கு உரியதன்று.

இவ்வளவும் கூறியபின், இதனைப் படிக்கும் மாணவத் தோழர்கட்கு ஒன்று சொல்லவேண்டும். பொது அறிவைக் காக்கும் கருவி நம் கையிலேயே உள்ளது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பெற்றது. நம் வீட்டுப் பாட்டியர் அனைவரும் அறிந்த அச்செய்தி அயல்நாட்டு அலுவலகத்திற் சான்றாகவில்லை. நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தார் பழைய வடமொழி நூலையும், 1953இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையையும் எடுத்துக்காட்டியபின்னரே, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பெற்றது. ஆண்டும் நாளும் இட்டு அச்சேறிய ஒரு கட்டுரை கோடி மக்களின் வாய்மொழியினும் வலிமை பெற்றது.

ஆதலின் உங்கள் ஊர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியர் செய்த மடிப்பட்டையைக் கண்டால், அதன் அளவையும், மடிக்கும் முறையையும், பயன்படும் வகையையும், அதனைச் செய்தவர் பெயரையும் எழுதி, படம் வரைந்து, இத்தகைய கல்லூரி மலருக்கு அனுப்புங்கள். அச்சேறிய நாள்முதல் அது முன்னறிவாகும். பின்வரும் எவரும் அதனைப் புதிதென்று கூறி உரிமை கொள்ளல் அரிது. அவ்வாறு எவரேனும் விண்ணப்பித்து, அது வெளியிடப்பெற்றபின், உரிமை வழங்குமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் எனச் சட்டம் இடந்தருகின்றது; அந்நாளில் நம் மலரின் ஒரு பக்கமே சான்றாய் நிற்கும். உங்களில் ஒருவர் உண்மையாகவே முதனூல் போன்றதொரு கருவியைக் கண்டுபிடிப்பீராயின், அதனை எவர்க்கும் காட்டுமுன் காப்புரிமை அலுவலகத்திற்கு விண்ணப்பம் செய்யுங்கள், பின்னர் எழுதுங்கள். எது முதல், எது வழி எனத் தேர்ந்து தெளியும் பயிற்சியை நம் இலக்கண வகுப்புகள் நமக்கு அளித்திருக்கின்றன; அதனைத் தாளின் மடிப்பிலும் செலுத்துவோமாக.